வருஷம் தப்பு

"வருஷம் தப்பு" என்றாள் அந்த அம்மாள்.

லுபிஷா நிமிர்ந்து பார்த்தான்.

பெல்கிரேடு கோட்டைப் பூங்காவில் ஞாயிறுதோறும் பழைய பதக்கங்களுக்கு மேசை போடுகிறவன் அவன். விற்பதைவிடச் சேர்ப்பதில்தான் அவனுக்கு ஆசை. எந்தப் பதக்கத்தையும் கையில் வாங்கிப் புரட்டினால் போதும், ஊரும் காலமும் சொல்லிவிடுவான். அவனிடமே வந்து தப்பு என்று சொன்னவர்கள் கிடையாது.

அவள் விரல் காட்டிய இடத்தில், வெல்வெட்டின் நடுவே, ஒரு வெள்ளிப் பதக்கம். உலகப் போரில் மலைக்காடுகளில் இருந்து ஜெர்மானியரோடு மோதியவர்களுக்கு யூகோஸ்லாவியா கொடுத்தது. கீழே லுபிஷா தன் கையால் எழுதி வைத்த அட்டை: வீரத்துக்காக, 1943.

எழுபது வயதிருக்கும் அவளுக்கு. ஆண்கள் போடும் மழைக்கோட்டு. சந்தைப் பையிலிருந்து வெங்காயத்தாள் எட்டிப் பார்த்தது.

"அம்மா, இது மாஸ்கோவுல அடிச்சது" என்று பதக்கத்தைப் புரட்டிக் காட்டினான். "ரஷ்ய எழுத்து இருக்கு பாருங்க. நம்பர் கையால வெட்டினது. திருகாணி வச்சது. நம்ம நாட்டுல இதையெல்லாம் அடிக்கப் பட்டறை இல்லாத காலத்துல வந்த சரக்கு. அப்புறம் நம்ம பட்டறை வந்து ஸாக்ரெப்ல அடிச்சதெல்லாம் வேற மாதிரி இருக்கும்."

"அதெல்லாம் சரி தம்பி. வருஷம்தான் தப்பு."

பக்கத்து மேசையில் நாணயம் விற்கும் ஜிவ்கோ சிரித்தான். "மாட்டினடா லுபிஷா! இன்னிக்கு உனக்குப் பரீட்சை."

லுபிஷாவுக்குச் சுருக்கென்றது. "அப்ப எந்த வருஷம்னு நீங்களே சொல்லுங்க."

"தொண்ணூத்தொண்ணு."

ஜிவ்கோ இன்னும் பலமாகச் சிரித்தான். லுபிஷா சிரிக்கவில்லை. நாடு உடைந்து அண்ணன் தம்பி என்று இருந்தவர்கள் சுட்டுக்கொண்ட வருடம் அது. அதை யாரும் விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள்.

"எனக்கு இதை வித்தவர் ஒரு கர்னல். ரிட்டயர் ஆனவர். நாப்பத்திமூணுல ஆத்தங்கரைச் சண்டையில ஒரு பொண்ணு வாங்கினதுன்னு அவர்தான் சொன்னார். அந்தப் பொண்ணு இப்ப உயிரோட இல்லையாம்."

"இல்லையாமா?" அவள் பையைத் தரையில் வைத்தாள். "அந்தப் பொண்ணு பேரு டோப்ரிலா. இந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். காலையில ரொட்டி வாங்கிட்டு நேரா இங்கதான் வந்திருக்கா."

ஜிவ்கோவின் சிரிப்பு நின்றது.

அந்தச் சண்டையின்போது அவளுக்குப் பதினேழு வயது. எல்லோரும் ஆற்றில் இறங்கி ஓடினார்கள், அவளும் ஓடினாள். நின்றிருந்தாலும் சாவுதான். அதற்குப் போய் வீரம் என்று பேர் வைத்துச் சட்டையில் குத்திவிட்டார்கள்.

தொண்ணூற்றொன்றில் அவளுடைய சின்னவனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். காபி குடித்துக்கொண்டிருந்தவனை அப்படியே எழுப்பி, மாசமாக இருந்த மனைவியின் கண்ணெதிரே. நேற்றுவரை அவன் கோடை விடுமுறைக்குப் போய்வந்த ஊர்மேல் குண்டு போடுவதற்கு.

டோப்ரிலா பதக்கத்தைக் கோட்டில் குத்திக்கொண்டு முகாமுக்குப் போனாள். வாசல் சிப்பாய் அதைப் பார்த்து சல்யூட் அடித்து வழிவிட்டான்.

உள்ளே, மேசைக்குப் பின்னால் கர்னல். நாடு என்றார், கடமை என்றார். பதக்கம் வாங்கினவளே பையனை விட்டுவிடு என்று கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்றார்.

"திருகாணியைக் கழட்டினேன். அவன் முன்னாடி மேசையில விட்டெறிஞ்சேன். வெளிய வந்து, வரிசையில நின்ன என் சின்னவன் கையைப் பிடிச்சேன். வாடா வீட்டுக்குன்னேன். முற்றம் பூரா துப்பாக்கி. ஒருத்தன் சுட்டாலும் முடிஞ்சுது. அன்னிக்கு எனக்கு ஓடணும்போல இருந்துச்சு தம்பி. ஓடல. நடந்தேன்."

"பையன்?"

"மறுநாளே எல்லை தாண்டிட்டான். இப்ப ஸ்வீடன்ல டிராம் ஓட்டறான். மகளுக்கு என் பேரு வச்சிருக்கான்."

லுபிஷாவுக்கு ரத்தம் கொதித்தது. "அப்ப அந்தக் கர்னல் திருடன்! நீங்க எறிஞ்சதை எடுத்து வச்சிருந்து, நீங்க செத்துட்டதாச் சொல்லி வித்திருக்கான்." பதக்கத்தை அவள் கையில் திணித்தான். "எடுத்துட்டுப் போங்கம்மா. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவள் அதை வெல்வெட்டின் மேலேயே திருப்பி வைத்தாள்.

"எறிஞ்சதைப் பொறுக்கச் சொல்றியா?"

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"அட்டையை மாத்து. என் பேரை எழுது. வருஷத்தைச் சரியா எழுது."

லுபிஷா தயங்கினான். எழுதினால் பதக்கம் சேர்ப்பவர்கள் எல்லாம் கைகொட்டிச் சிரிப்பார்கள். சிரிப்போடு போனாலும் பரவாயில்லை. அந்த வருடத்துச் சண்டையை நடத்தியவர்கள் இன்னும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

"ஏம்மா, வம்பை விலைக்கு வாங்கச் சொல்றீங்களே" என்றான் ஜிவ்கோ.

"நான் உயிரோட இருக்கேன்ல? யாராவது கேட்டா என்கிட்ட அனுப்பு."

லுபிஷா பழைய அட்டையைக் கிழித்தான். புதிதாக ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தான்: வீரத்துக்காக. டோப்ரிலா. 1991.

"அந்தாள் ஞாயித்துக்கிழமை தவறாம வருவான்மா" என்றான் எழுதிக்கொண்டே. "எதுவும் வாங்க மாட்டான். இந்தப் பதக்கத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவான். இதைப் படிக்கத்தான் போறான்."

"படிக்கட்டும். இன்னும் பெருசா எழுது. கண்ணாடி போட மாட்டான், வீம்பு பிடிச்சவன்."

லுபிஷாவின் பேனா நின்றது.

டோப்ரிலா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவன் என் மூத்தவன்" என்றாள்.