தப்புக்கு ஒரு மிட்டாய்

"இந்தம்மா கையில கத்தியைக் குடுத்துட்டு, நாம வயித்தைக் காட்டிப் படுக்கணுமாம். விளங்குமா?"

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் புது சிஸ்டர் கைப்பையைச் சோபாவில் வீசினாள்.

"யாரு, உங்க பெரிய டாக்டரா?" வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "இன்னிக்கு என்ன பண்ணினாங்க?"

"ஒரு கால்ல கறுப்பு ஷூ, ஒரு கால்ல பழுப்பு ஷூ. அப்படியே வார்டு பூரா ரவுண்ட்ஸ் வந்தாங்க!"

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

புது சிஸ்டர் என்றால் வேலைக்குப் புதிது இல்லை, இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் புதிது. முந்தைய இடத்தில் பதினாலு வருஷம் குப்பை கொட்டியவள். அங்கே இருந்த பெரிய டாக்டர் புலி. அவர் தலை தெரிந்தாலே வார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு தடவை, "சார், அந்த மாத்திரை..." என்று ஆரம்பித்துவிட்டாள். ஃபைல் பறந்து வந்து காலடியில் விழுந்தது.

"டாக்டர் நீயா, நானா?"

அன்றைக்கு வாய்க்குப் பூட்டுப் போட்டவள்தான்.

இங்கேயோ எல்லாம் தலைகீழ். தினம் காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா எதையாவது கோட்டை விடுவார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும், அதையே தேடுவார். செவ்வாய்க்கிழமையைப் புதன் என்பார். உடனே ஆயாம்மா, "தப்பு, தப்பு!" என்று குரல் கொடுப்பாள். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னீங்க!" என்று கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டுவார். படுத்திருக்கும் நோயாளிகள் வரைக்கும் கை தட்டுவார்கள். ஆஸ்பத்திரியா, பாலர் பள்ளியா?

"மருந்து கிருந்துல ஏதாவது தப்பு பண்ணினாங்களா?" என்று கேட்டார் கணவர்.

"இதுவரைக்கும் இல்ல. ஆனா எத்தனை நாளைக்கு? நிர்வாகத்துக்கு எழுதிக் குடுக்கப்போறேன்."

"சரி, ஷூ மாறினதை யாரு சொன்னது?"

அவள் முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. "ஒருத்தரும் கவனிக்கல. என் முன்னாடியே வந்து அஞ்சு நிமிஷம் நின்னாங்க. எனக்கே தெரியாம, 'மேடம், ஷூ'ன்னுட்டேன்."

"அப்போ மிட்டாய்?"

"பையில இருக்கு, போங்க!"

ராத்திரியே எழுதி முடித்த புகார்க் கடிதமும் அந்தப் பைக்குள்தான் போனது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று ஆபரேஷன். முதல் ஆள், குடலிறக்கத்துக்கு வந்திருந்த பஸ் டிரைவர். டாக்டரம்மா காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல ஓடி வந்தார்.

"சிஸ்டர், இவருக்குப் பெனிசிலின் போட்டுடுங்க. தியேட்டர்ல எல்லாரும் காத்திருக்காங்க, சீக்கிரம்!"

அவள் ஊசியில் மருந்தை ஏற்றினாள். டிரைவர் சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டை. 'பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது.'

பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரியாததா? பறந்து வந்த அந்த ஃபைல் ஒரு கணம் கண்ணெதிரே வந்து போனது. ஆனால் நேற்று திறந்த வாய் இன்றைக்குச் சும்மா இருக்கவில்லை.

"மேடம், தப்பு!"

டாக்டரம்மா திரும்பினார். பட்டையைப் படித்தார். இந்தத் தடவை நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போட்டிருந்தா, இவர் உசிரு..."

எழுந்து, கோட்டுப் பையைக் கவிழ்த்து, இருந்த மிட்டாய் அத்தனையையும் அவள் இரண்டு கையிலும் கொட்டினார். ஆயாம்மா கை தட்டினாள்.

"டாக்டரம்மா, உங்க வண்டியில பிரேக் நல்லாப் பிடிக்குது!" என்றார் டிரைவர். வார்டே கொல்லென்று சிரித்தது. டாக்டரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வேறு மருந்து போட்டார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சாயங்காலம் டிரைவர், "எப்போ சாப்பாடு கண்ணுல காட்டுவீங்க?" என்று ஆயாம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சிரிக்கலாம். அவளால் முடியவில்லை. நேற்று ஷூ, இன்றைக்கு ஓர் உயிர். இனியும் பொறுப்பதா? கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். போகும் வழியில் டிரைவரின் ஃபைலை டாக்டர் அறையில் வைத்துவிடலாம் என்று நுழைந்தாள். டாக்டர் இல்லை. மேஜைமேல் ஒரு டைரி விரித்தபடி கிடந்தது.

அடுத்தவர் டைரியைப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் 'புது சிஸ்டர்' என்று கண்ணில் பட்டால் யார்தான் பார்க்காமல் போவார்கள்?

'செவ்வாய்: கிழமையை மாற்றிச் சொல்ல வேண்டும்.

புதன்: ஸ்டெதஸ்கோப்பைத் தேட வேண்டும்.

வியாழன்: புது சிஸ்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் வாயே திறக்கவில்லை. பாவம், யாரிடம் எப்படி வாங்கிக் கட்டிக்கொண்டாரோ. ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு, அவர் எதிரிலேயே போய் நிற்க வேண்டும். சொல்கிற வரைக்கும் நகரக் கூடாது.'

கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அதற்குப் பிறகுதான் கடைசி வரி கண்ணில் பட்டது.

'வெள்ளி: மூன்று ஆபரேஷன். இன்றைக்கு விளையாட்டுத் தப்பு எதுவும் வேண்டாம்.'