ஆறுக்குத் தவளை

“ரொக்கு!” என்று புஷ்பராணி டீச்சர் கத்தியதும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் தவளை மாதிரிக் குதித்தது.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து ஒரு வருஷம் ஆகிறது. தமிழ்ப் பள்ளியிலும் ஜப்பான் பாஷைதான் முதல் பாடம். மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற பிள்ளைகள் பெஞ்சிலேயே தூங்கி வழிந்தன. அவளும் என்னதான் செய்வாள், பாவம்? ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பிராணி என்று ஆட்டம் கட்டிவிட்டாள். ஐந்துக்குப் பூனை, ‘ரொக்கு’ என்கிற ஆறுக்குத் தவளை, ஏழுக்குக் குரங்கு. அப்புறம் ஒருத்தர்கூடத் தூங்கவில்லை.

ஜன்னலில் மீசை தெரிந்தது. பெரிய வாத்தியார் ஏரம்பமூர்த்தி.

“என்னம்மா இது, பள்ளிக்கூடமா, சர்க்கஸா?”

“இப்படிச் சொன்னாத்தான் மனசுல பதியுது சார்.”

“நாங்கள்லாம் குதிச்சா படிச்சோம்?”

“சார் ஜப்பான் பாஷை படிச்சிட்டீங்களா?”

“எனக்கா? அதெல்லாம் தண்ணி பட்ட பாடு!”

மறுநாளும் ஜன்னலில் மீசை. அதற்கு மறுநாளும். பாடம் தொடங்கினால் போதும், மனுஷர் ஆஜர். கடைசிவரை பார்ப்பார், முடிந்ததும் ஒரு திட்டு. ஒரு மாசமாக இதே கதை. இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை உள்ளேயே வந்துவிட்டார்.

“திங்கக்கிழமை ஜப்பான் அதிகாரி வர்றாரு. அவர் முன்னாடி யாராச்சும் குதிச்சீங்க, உன் வேலை போச்சு. ரேஷன் அரிசியும் போச்சு. சொல்லிட்டேன் லா!”

அந்த அரிசியை நம்பித்தான் வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும். புஷ்பராணி பிள்ளைகளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

“யாரும் ஆடக்கூடாது. மூச்!”

அதிகாரி பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்தார், இடுப்பில் வாளோடு. பிள்ளைகள் சிலையாக நின்றன. அவர் பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பெரிய வாத்தியாரிடம் போனார்.

“முதல்ல நீ எண்ணு. பத்து வரைக்கும்” என்றார் அரைகுறை மலாயில்.

பெரிய வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இச்சி... நி... சான்... ஷி... கோ...”

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. அதிகாரியின் கை மெல்ல உயர்ந்தது. அந்தக் கை விட்ட அறைகளைப் பற்றி ஊருக்கே தெரியும்.

புஷ்பராணி யோசிக்கவில்லை. எந்தப் பிள்ளை தடுமாறினாலும் செய்து செய்து பழகிப்போன கால் தானாக மடங்கியது. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே குதி! குதித்த பிறகுதான் ரேஷன் அரிசி ஞாபகம் வந்தது.

பெரிய வாத்தியார் அவளைப் பார்த்தார்.

“ரொக்கு!” என்று கத்திக்கொண்டு, கட்டிய வேட்டியோடு அவரும் குதித்தார்.

அப்புறம் மனுஷர் நிற்கவே இல்லை. ஏழுக்குக் குரங்காகத் தலையைச் சொறிந்தார். எட்டுக்கு யானையாகத் தும்பிக்கை ஆட்டினார். ஒன்பதுக்குக் கொக்காக ஒற்றைக்காலில் நின்றார். பத்துக்கு, “ஜூ!” என்று சொல்லிச் சேவலாகக் கூவினார் பாருங்கள், தெருவில் போன ரிக்‌ஷாக்காரன்கூட நின்று எட்டிப் பார்த்தான்.

அதிகாரி உயர்த்திய கையால் தன் வயிற்றையே பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு சிரிப்பு! “பாகுஸ்! ரொம்ப நல்லா இருக்கு!” என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பெரிய வாத்தியார் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

“யாரும் குதிக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“மன்னிச்சிடுங்க சார்...” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நாளைக்குப் பாடம் பதினொண்ணிலேர்ந்தா?”

“ஆமா சார்...”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பின் பெஞ்சில எனக்கும் ஒரு இடம் போடும்மா. ஒரு மாசமா ஜன்னல்ல எட்டி எட்டிப் பாத்துப் படிச்சதுல கழுத்து பிடிச்சுக்கிச்சு லா!”