இருட்டுக் குப்பி

ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியிலிருந்து அவன் தலையை எடுத்தான். மறுபடியும் குனிந்தான்.

வெளிச்சத்தில் வளர்ந்த பழ ஈ. பிறந்து பன்னிரண்டு நாள்.

கண் உள்ளே இடிந்து கிடந்தது.

ஈயின் கண்ணில் ஒளி பட்டதும் ஒரு நொதி விழித்துக்கொள்ளும். அது ஒரு தூது மூலக்கூறை உண்டாக்கும். தூது போன இடத்தில் கால்சியம் செல்லுக்குள் பாயும். அதுதான் பார்வை. பாய்ந்த கால்சியமே நொதியை அடக்கவும் வேண்டும்.

இந்த ஈக்களுக்கு அந்த அடக்கம் இல்லை. பிறவிக் கோளாறு. நொதி ஓயாது. கால்சியம் நிற்காது.

பார்த்துப் பார்த்தே கண் செத்துப்போகும்.

அடுத்த குப்பியில் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. அதே கோளாறு, அதே பன்னிரண்டு நாள். மங்கிய சிவப்பு விளக்கில் பிரித்தான்.

கண் முழுசாக இருந்தது.

அன்று மத்தியானமே கடைவீதியில் எட்டு மீட்டர் கறுப்புத் துணி எடுத்தான்.

மகள் ரெஜினாவுக்கு எட்டு வயது. போன வருடத்திலிருந்து அவள் பார்வை ஓரங்களில் கரைந்துகொண்டு வந்தது. ஏனென்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை.

மகளின் அறை ஜன்னலில் அந்தத் துணியை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தவனின் பின்னால் வந்து நின்றாள் மனைவி அமலி.

"டாக்டர் சொன்னாரா?"

"ஈயோட கண்ணு அப்படியே இருக்கு அமலி."

"நான் புள்ளையப் பத்திக் கேட்டேன்."

அவன் அடுத்த ஆணியை எடுத்தான்.

டாக்டரிடமும் கேட்டிருந்தான். ஈ வேறு, குழந்தை வேறு என்றார். அது அவனுக்குத் தெரியாததா? பதினாறு வருடமாக மாணவர்களுக்கு அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பள்ளிக்கூடம் நின்றது. வெளிச்சத்தில் பார்த்தால் கண் தீர்ந்துவிடும் என்று மகளிடம் சொல்லிவைத்தான். ரெஜினா அழவில்லை. முதல் வாரம் சுவரைத் தடவி நடந்தாள். இரண்டாம் வாரம் தடவாமல் நடந்தாள்.

அமலி சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

இருபத்து மூன்றாம் நாள் பகலில் அவன் அந்த அறைக்குள் போனான். கட்டிலில் உட்கார்ந்து ரெஜினா காலை ஆட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா, இப்ப எனக்குக் கண்ணு தெரியுதா, போயிருச்சா?"

அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை இத்தனை நாளும் தன்னிடம்கூட அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

துணியை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தான். ஆணியோடு வந்தது. வெயில் கட்டில்வரை விழுந்தது.

ரெஜினா கண்ணைச் சுருக்கினாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்குத் தாடி நரைச்சிருக்குப்பா."

அவன் அமலியைக் கத்திக் கூப்பிட்டான். சத்தம் கேட்டு அமலி ஓடி வந்தாள்.

"இங்க பாரும்மா, அம்மாவப் பாரு," என்றான்.

ரெஜினா திரும்பவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை இறுகப் பொத்தியிருந்தாள்.

"போதும்ப்பா. மூடிருங்க. தீந்துரும்."