அட்ஜேசன்ட்

ஆங்கிலக் கடிதத்தில் ஜீவராணிக்குப் புரியாதது ஒரே ஒரு சொல்தான்.

கலவானைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை குழந்தைகள் அவளிடம்தான். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் வாசிப்பாள்.

புது வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் அளவு காணி கிடைக்கிறதாம். அவளுக்குப் பதினான்காம் இலக்கம். பக்கத்துக் காம்பரா இந்திரகுமாருக்கு முப்பத்தொன்று. இரண்டு இலக்கங்களுக்கும் நடுவே அந்தச் சொல்.

பதினான்கு எங்கே, முப்பத்தொன்று எங்கே. எவ்வளவு தூரமோ.

வெளியே பகல் மழை. மலையைக் காணோம். அவள் காம்பரா வாசலுக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. காம்பரா வரிசையாக நீளும் லயம் மட்டும் எங்கோ மிதந்து போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

லயத்துச் சுவர்கள் கூரைவரை எழும்புவதில்லை. அந்த இடைவெளி வழியாக இந்திரகுமாரின் ரேடியோவும் சாம்பிராணிப் புகையும் இந்தப் பக்கம் வரும். தோட்டத்துத் தபால்காரராக இருந்தவர். மாற்றலாகிப் போன தோட்டத்துத் துரை ஒருவர் கொடுத்த தடித்த அகராதி அவரிடம் இருந்தது.

அவள் கூரைத் தகரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அட்ஜேசன்ட்னா என்ன அர்த்தமாம்?”

ரேடியோ நின்றது. பிறகு தாள் புரளும் சத்தம்.

“பக்கத்துல ஒட்டுனாப்ல இருக்கிறது.” குரல் சற்றுத் தயங்கியது. “லத்தீன்ல இருந்து வந்த சொல்லாம். பக்கத்துல படுத்திருக்கிறதுதான் அதோட ஆதி அர்த்தம்னு போட்டிருக்கு.”

ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

லத்தீன் பேசியவர்கள் யாரோ, எந்தக் காலத்தவர்களோ. அவர்களும் பாய் விரித்திருக்கிறார்கள். குளிரில் விழித்து, அருகில் ஒரு உடம்பின் சூடு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்திருக்கிறார்கள். இருந்ததும், அதற்கு ஒரு பேர் வைத்துவிட்டுத் திரும்பத் தூங்கியிருக்கிறார்கள்.

“அப்ப ரெண்டு வீடு எதுக்குங்க?” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தன் குரல் கேட்டது.

மகள் கேஷானிக்குத் தன்னைக் கேட்காமல் கரவனெல்லையில் சம்பந்தம் பேசி முடித்தார் என்று, நாலு வருஷத்துக்கு முன்னால் அவரைத் துணிமூட்டையோடு அந்தக் காம்பராவுக்கு அனுப்பியவள் அவள்தான். அன்றிலிருந்து புருஷனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், அவசர அவசரமாகச் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.