எழுபத்து மூன்றாவது தடவை

“அக்கா வெச்சிருக்கிற ஃபிளாக்ல ஒன்பது தேவையே இல்லை சார்,” என்றாள் புதிதாக வேலைக்கு வந்தவள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். திடீரென்று மின்சாரம் போனாலும் கணினியில் கோப்புகள் சிதையாமல் காக்கும் அந்த நிரலையும், ‘இது எழுதியாயிற்று’ என்று அதில் குறித்துவைக்கும் ஃபிளாக்குகளையும் பதினான்கு வருடங்களுக்கு முன் எழுதியது அவள்தான்.

“எதுவரைக்கும் எழுதி முடிச்சோம்னு ஜர்னல்ங்கிற பதிவேட்டுலயே இருக்கு. அதையே ஃபிளாக்கும் தனியா சொல்லுது. ரெண்டும் வேற வேற மாதிரி சொன்னா கணினி எதை நம்பும்?” என்றாள் புதியவள்.

“அட!” என்றார் மேலாளர்.

பதினான்கு வருடத்தில் அக்காவுக்கு ஒரு ‘அட’ கிடைத்ததில்லை.

“எடுத்துப் பாருங்க, கோப்பெல்லாம் கந்தலாகும். சோதனையை நானே பண்றேன்.”

ஒன்பதையும் எடுத்துவிட்டுப் புதியவள் புது நிரலை மெஷினில் ஏற்றினாள். கணினி கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்க வேண்டும். மறுபடி போட்டு, கோப்புகள் பத்திரமா என்று பார்க்க வேண்டும். இப்படி நூறு தடவை. ஒரு தப்பு வந்தாலும் அந்த மாற்றம் குப்பைக்கு.

“அக்கா, மறுபடி ஆன் பண்றப்ப ஒரு விஷயம்...”

“பிளக் பிடுங்க எனக்கே பாடமா? போய் டீயைக் குடி, போ!”

பிடுங்கினாள். போட்டாள். பத்திரம். மறுபடியும் பத்திரம். ஐம்பதைத் தாண்டியபோது இடுப்பு விட்டுப்போனது. “விழுந்து தொலையேன்!” என்று முணுமுணுத்தபடியே பிடுங்கினாள்.

எழுபத்து மூன்றாவது தடவை திரை சிவந்தது. இரண்டு கோப்புகள் காலி!

“சார்! எல்லாரும் வாங்க! இவ கைவைச்ச லட்சணத்தைப் பாருங்க!”

புதியவள் குனிந்து திரையைப் படித்தாள். “எழுதி முடிஞ்சதுன்னு ஃபிளாக் சொல்லுது. முடியலைன்னு ஜர்னல் சொல்லுது.”

“ஃபிளாக்கா? அதைத்தான் நீ எடுத்துட்டியே?”

“அதைத்தான் அக்கா அப்பவே சொல்ல வந்தேன். பிளக்கைப் பிடுங்கிப் போட்டா, இந்த மெஷின் தானா பழைய நிரலோடதான் எழுந்திருக்கும். புதுசை ஒவ்வொரு தடவையும் நாமதான் தேர்ந்தெடுக்கணும். இவ்வளவு நேரம் நீங்க சோதிச்சது உங்க பழைய நிரலைத்தான்.”

மறுநாள் புதிய நிரல் நூறு தடவையும் தாக்குப்பிடித்தது. ஒன்பது ஃபிளாக்கும் போயின. மாற்றக் குறிப்பின் அடியில் புதியவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘பழைய ஃபிளாக்கில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர், நம் அக்கா.’

மேலாளர் அதைப் படித்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“அட!”