பவுடர் போடாத முகம்

"சீக்கிரம் ஆவட்டும் கஸ்பார். அடுத்து கோர்ட் சீன்" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

கஸ்பார் மேக்கப் பெட்டியைத் திறந்தார். போலீஸ் அடியில் நொறுங்கும் ஓர் இளைஞனைப் பற்றிய படத்துக்காக, ஒரு மாதமாக ராயபுரத்தில் காயம் வரைந்துகொண்டிருக்கிறார். புது அடி என்றால் சிவப்பு, மறுநாள் நீலம், ஆறும்போது மஞ்சள்.

பெஞ்சில் இருந்த டெரிக்கின் கன்னத்தில் பச்சை கிரீமைத் தொட்டு வைத்தார். பையன் துடித்தான்.

"இன்னா மாமு, நடிக்கிறியா?" என்றார் கான்ஸ்டபிள்.

சிவப்பின் மேல் பச்சை பூசினால் சிவப்பு அடங்கிவிடும். அதன்மேல் தோல் நிறம். கடைசியில் பவுடர் போட்டு இறுக்கினால் துடைத்தாலும் கலையாது.

கஸ்பார் பெட்டியை மூடினார். டெரிக்கின் முகம் பளிச்சென்று இருந்தது.

"சூப்பர்! ஸ்டேஷன்ல பூ மாதிரி வெச்சிருந்தோம்னு ஜட்ஜம்மாவே நம்பிடுவாங்க" என்ற இன்ஸ்பெக்டர், கஸ்பாரைப் பார்த்தார். "வெளிய வாயத் தொறந்த, உனக்கும் இதே லாக்கப்புதான்."

இன்று கஸ்பார் ஒரு காயம்கூட வரையவில்லை. நிஜ ஸ்டேஷனில், நிஜ அடியை மறைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கூப்பிடத் திரும்பியதும், பையனின் காதருகே குனிந்தார்.

"நைனா, பவுடர் போடல. ஜட்ஜம்மா எதிர்ல அழு. அழுதுகினே மூஞ்ச நல்லா தொடச்சிடு."