பதினாலு புள்ளி ரெண்டு

"இன்ஜினை நிறுத்துங்க சார். நின்னாத்தான் பேட்டரி நெலவரம் தெரியும்" என்றார் மெக்கானிக் அப்பாதுரை. கூட்டேரிப்பட்டில் அவர் கடையைத் திறந்த கையோடு, சார்ஜ் ஏறவில்லை என்று வந்து நின்ற இண்டிகா கார் அது. பின்சீட்டில் பட்டுப்புடவையில் ஓர் அம்மாள் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்.

ஓட்டிவந்த சுதாகர் தயங்கினான். "ஏசி நின்னுடுமேண்ணே. ஜல்தியாப் பாத்துடுங்க."

தை மாதப் பனியில் ஏசி ஒரு கேடா என்று முணுமுணுத்தபடி அப்பாதுரை மீட்டரை வைத்தார். பன்னிரண்டே முக்கால் வோல்ட். மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டும் பதினாலு புள்ளி ரெண்டுக்குக் குறையவில்லை.

"சார்ஜ் நல்லா ஏறுது சார். வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"ஏறலன்னு சொல்லணும்ணே" என்று சுதாகர் போனை நீட்டினான்.

விழுப்புரம் மண்டபத்தில் இன்னும் அரை மணியில் அவன் தங்கை வேணிக்கு முகூர்த்தமாம். மற்றவர்கள் நேற்றே வேனில் போய்விட, முட்டிவலிக்கார அம்மாவை மட்டும் பெருமுக்கல்லிலிருந்து காலையில் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று வேணி ஒற்றைக்காலில் நிற்கிறாள். வண்டி படுத்துவிட்டது, காத்திருக்காமல் தாலி கட்டட்டும் என்று மெக்கானிக்கே சொன்னால் நம்புவாளாம்.

சீர் செய்யப் பயந்து ஒளிகிறான் என்று அப்பாதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றார்.

"ரெண்டு எடம் நிச்சயத்தோட நின்னுபோன பொண்ணுண்ணே. முப்பத்திமூணு வயசு. இதுவும் நிக்கக்கூடாது."

அந்தப் பெண்ணுக்காக, சுதாகர் வேணியின் நம்பரைப் போட்டுக் கொடுத்த போனை வாங்கினார். ஆல்டர்னேட்டர் போய்விட்டது, சரிசெய்ய மதியமாகும் என்று வாய் கூசாமல் அளந்தார். மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"சரிங்க, நான் போய் உக்கார்றேன்" என்றாள் வேணி. "எங்கம்மா ஒண்ணும் சாப்ட்டிருக்காது. ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க."

அப்பாதுரை போனைத் திருப்பிக் கொடுத்தார். சார் என்று கூப்பிடவும் மனசு வரவில்லை.

"பெத்தவங்களப் பின்னால வெச்சிக்கினே பொய் சொல்ல வெக்கிறியே, நீ நல்லா இருப்பியா? அவங்க முழிச்சுக் கேட்டா என்னய்யா பதில் சொல்லுவ?"

சுதாகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே ரோட்டைப் பார்த்தான்.

"முழிக்க மாட்டாங்கண்ணே. திண்டிவனம் தாண்டறப்பவே உசுரு போயிடுச்சு."